முதலில் பெயரை எழுதுங்கள்

மனித உரிமைப் பணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

சட்டக் கல்லூரி முடித்த கையோடு சிலர், முடிக்காமலே சிலர், என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். மியான்மரில் நடப்பதைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை என்கிறார்கள். கையில் ஒரு கண்டன அறிக்கை இருக்கும். "ஐயா, ஒரு கையெழுத்துப் போடுங்கள். உலக நாடுகள் தலையிட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்." போட்டுக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு ஒன்று கேட்பேன்: எந்த நாடு, யாரிடம், யாருக்காக, எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் பதில் வராது. அது அவர்கள் குற்றமில்லை. ஒரு இராணுவ ஆட்சியின் மேல் வெளியிலிருந்து அழுத்தம் எப்படி விழுகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாற்பது ஆண்டுகள் மனு எழுதியவன் என்ற உரிமையில் நான் சொல்கிறேன். அர்ஜென்டினாவை வைத்துச் சொல்கிறேன். 1976 முதல் 1983 வரை அங்கே நடந்ததைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அழுத்தம் பலித்த இடமும் பலிக்காத இடமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

1. பட்டியல் இல்லாமல் எந்த வாசலுக்கும் போகாதீர்கள்.

1976 மார்ச் 24 அன்று ஹோர்ஹே விதேலா தலைமையில் முப்படைத் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு ஆட்கள் மறையத் தொடங்கினார்கள். இரவில் நம்பர் பிளேட் இல்லாத கார் வரும். வீட்டிலிருந்து ஒருவரைக் கண்ணைக் கட்டி ஏற்றிக்கொண்டு போகும். மறுநாள் காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்பார்கள். படை முகாமில் கேட்டால், உங்கள் பையன் வெளிநாட்டுக்கு ஓடியிருப்பான் என்பார்கள். கைதுப் பதிவும் கிடையாது, சடலமும் கிடையாது. ஒன்றுமே நடக்கவில்லை என்று உலகத்திடம் சாதிப்பதற்காகவே அந்த முறையை வைத்திருந்தார்கள். அதனால்தான் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு தெரு என்று எழுதிய தாளைக் கண்டு அவர்கள் பயந்தார்கள்.

அந்தத் தாளை எழுதியவர்கள் தாய்மார்கள். அமைச்சக வாசலில், சிறை வாசலில், தேவாலய அலுவலகத்தில் காத்துக் கிடந்தபோது ஒருவரையொருவர் அறிந்துகொண்டவர்கள். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பேர் புவனோஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடையைக் கட்டுங்கள் என்றது போலீஸ். சரி என்று இரண்டிரண்டு பேராகச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி. குழந்தைக்குக் கட்டும் துணியைத்தான் முதலில் கட்டிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு அமெரிக்கத் தூதரகத்தில் டெக்ஸ் ஹாரிஸ் என்ற இடைநிலை அதிகாரி, பிற்பகல்களில் கதவைத் திறந்துவைத்து, பிள்ளையைத் தொலைத்தவர்களை உள்ளே கூப்பிட்டார். வந்தவர் சொன்னதை ஆளுக்கு ஓர் அட்டையில் எழுதினார். அவர் ஊரைவிட்டுப் போகும்போது 13,500 முறையீடுகள் பதிவாகியிருந்தன. 1977 நவம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் வந்தபோது, மனித உரிமை அமைப்புகள் திரட்டிய 7,500 பெயர்களை ஆட்சியாளர்களிடம் கொடுத்தார். கண்டனத்துக்கு மறுப்பு அறிக்கை விடுவது எளிது. 7,500 பேர் எங்கே என்ற கேள்விக்கு அப்படி விட முடியாது.

2. அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பெயர், தந்தை பெயர், வயது, தொழில். எடுத்துப் போன நாள், நேரம், இடம். வந்தவர்கள் எத்தனை பேர், என்ன உடுப்பு, என்ன வண்டி, என்ன பேசினார்கள். கண்ணால் பார்த்தவர் யார், காதால் கேட்டவர் யார். பார்த்ததையும் கேட்டதையும் ஒரே வரியில் கலக்காதீர்கள்.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் இறுதியில், நம் மாவட்டம் ஒன்றில், விசாரணைக்கு என்று கூட்டிப்போன மகனைத் தேடி ஒரு தாய் என்னிடம் வந்தார். பள்ளிச் சான்றிதழில் இருந்த போட்டோவைப் பிய்த்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். எப்போது கூட்டிப்போனார்கள் என்று கேட்டேன். "மாரியம்மனுக்குக் காப்புக் கட்டின மறுநாள்" என்றார். காலண்டரைப் பார்த்து ஒரு தேதியை எழுதிக்கொண்டேன். அவர் ஊரில் காப்புக் கட்டுவது எங்கள் ஊரைவிட ஒரு வாரம் முந்தி என்று எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதிய தேதியில் அந்தக் காவல் நிலையத்து ஆட்கள் எல்லோரும் வேறோர் ஊரில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். மனு தள்ளுபடியானது. அந்த அம்மா நீதிமன்றப் படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் சரியாத்தானே சாமி சொன்னேன்" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னார். தப்பு என்னுடையது. கோயில் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஜெனீவாவில் ஐ.நா.வில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆட்சியின் தூதரும் அந்தக் காவல் நிலையம் செய்ததைத்தான் செய்வார். ஆயிரம் பேர் பட்டியலில் ஒரு பெயர் இரண்டு முறை வந்திருந்தால், ஒருவர் உயிரோடு வேறு ஊரில் இருந்தால், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற 999 பேரையும் பொய் என்பார்.

3. குடும்பத்தைக் கேட்காமல் பெயரை வெளியிடாதீர்கள்.

பெயர் அச்சில் வந்தால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. புவனோஸ் அயர்ஸில் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த ஹெரால்டு என்ற சின்னப் பத்திரிகையின் ஆசிரியர் ராபர்ட் காக்ஸ், மற்ற பத்திரிகைகள் வாயைத் திறக்காதபோது மறைந்தவர்களின் பெயரைப் போட்டார். வருகிற குடும்பத்தாரிடம், முதலில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டு அந்த நகலோடு வாருங்கள் என்பாராம். நீதிமன்றம் அந்த மனுக்களை மூட்டை மூட்டையாகத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் மனு போட்டதே ஒரு பதிவு. அதை வைத்துச் செய்தி எழுதலாம், தூதரகத்துக்குப் போகலாம். தோற்கப் போகிற வழக்கு என்று தெரிந்தே மனு போட வேண்டிய நாட்கள் நம் தொழிலில் வரும். கடைசியில் காக்ஸின் பிள்ளைகளுக்கே மிரட்டல் வந்தது. 1979 டிசம்பரில் அவர் நாட்டைவிட்டுப் போனார்.

மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தாய்மார்களுக்கு முன்னால் நின்ற அசுசேனா வில்யாஃப்ளோர், காணாமல் ஆக்கப்பட்டோர் பெயர்களை ஒரு நாளிதழில் காசு கொடுத்து விளம்பரமாகப் போட ஏற்பாடு செய்தார். விளம்பரம் 1977 டிசம்பர் 10 அன்று வெளியானது. அன்றே அவரை வீட்டருகே பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் முன்பு சாந்தா குரூஸ் தேவாலயத்தில் வேறு சிலரைப் பிடித்திருந்தார்கள். இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் உட்பட மொத்தம் 12 பேர். அண்ணனைத் தொலைத்தவன் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன்தான் காட்டிக்கொடுத்தான். அவன் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரெடோ ஆஸ்டிஸ். வான்ஸ் வந்து பட்டியல் கொடுத்துவிட்டுப் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

வெளிநாட்டு அமைச்சர் வருகிறார், கேமராக்கள் வருகின்றன என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து குறையும் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் விமானம் ஏறிய பிறகு வரும் வாரங்கள்தான் கொடியவை. பெயரை வெளியிடலாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த வாரங்களை அந்த ஊரில் இருந்து கடக்க வேண்டியவர்களுக்கே உண்டு. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

4. ஓர் அரசை ஒரே ஆளாக நினைக்காதீர்கள்.

"அமெரிக்கா சொன்னது", "ஐரோப்பா செய்தது" என்று எழுதிவிடுகிறோம். 1976 ஜூனில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிஞ்சர், அர்ஜென்டினாவின் வெளியுறவு அமைச்சரிடம், செய்ய வேண்டியவை இருந்தால் சீக்கிரம் செய்துவிடுங்கள் என்ற பொருளில் பேசினார். உரையாடல் குறிப்பு பிற்பாடு வெளியானது. அடுத்த ஆண்டு அதே அமெரிக்க வெளியுறவுத் துறையின் மனித உரிமைப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற பட்ரீஷியா டெரியன், கடற்படைத் தளபதி மஸேராவை நேரில் கண்டு, நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டடத்திலேயே கீழே யாரையோ வதைத்துக்கொண்டிருக்கலாம் என்றார். மஸேரா சிரித்துக்கொண்டே கை கழுவுவது போலக் காட்டி, பைபிளில் கை கழுவிய பிலாத்துவை நினைவிருக்கிறதா என்றார்.

ஒரே நாடு, இரண்டு குரல்கள். தூதரகத்துக்குள்ளேயும் அப்படித்தான். ஹாரிஸ் அனுப்பிய தகவல்களை அவருடைய மேலதிகாரிகளே தடுத்தார்கள். அவர் பதவி உயர்வு அடிபட்டது. நீங்கள் போகும் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு ஹாரிஸ் இருக்கலாம். அவர் மேசைக்கு உங்கள் அட்டை போய்ச் சேர வேண்டும்.

5. அவர்களுக்கு எது தேவை என்று கண்டுபிடியுங்கள்.

இந்த ஒன்றை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பரானா ஆற்றில் யாசிரெட்டா என்ற பெரிய அணை கட்ட அர்ஜென்டினா திட்டமிட்டிருந்தது. டர்பைன்களுக்கு ஓர் அமெரிக்க நிறுவனம்; அதற்கு அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் 27 கோடி டாலர் கடன். டர்பைன் செய்யவிருந்த தொழிற்சாலைக்கு அர்ஜென்டினக் கடற்படையோடு தொடர்பு இருப்பதாக ஹாரிஸ் எழுதினார். 1978 ஜூலையில் மனித உரிமை மீறலைக் காரணம் காட்டிக் கடன் நிறுத்தப்பட்டது.

தளபதிகளுக்கு வலித்தது. அமெரிக்க முதலாளிகளுக்கும் வலித்தது, அவர்கள் வாஷிங்டனில் சத்தம் போட்டார்கள். செப்டம்பரில் புதிய போப் பதவியேற்புக்காக ரோமுக்கு வந்த துணை அதிபர் வால்டர் மாண்டேலும் விதேலாவும் சந்தித்தார்கள். அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்தை நாட்டுக்குள் விட்டால் கடன் கிடைக்கும் என்று பேச்சு முடிந்தது. கடன் விடுவிக்கப்பட்டது. ஆணையத்துக்கு அழைப்புப் போனது.

கடனைக் கொடுத்தது தப்பு, கடைசிவரை பிடித்துவைத்திருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கும் இளமையில் அப்படித்தான் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. கிடைத்தது ஒரு வாக்குறுதித் தாள் இல்லை. குறித்த நாளில், குறித்த ஆட்கள் விமானத்திலிருந்து இறங்கிச் சிறைக்குள் நடக்கும் உரிமை. பேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. "மனித உரிமையை மதிப்போம்" என்று எழுதிக் கேட்காதீர்கள், உடனே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கதவைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

6. விருந்தாளி வரும் முன் வீட்டைக் கழுவிவிடுவார்கள்.

ஆணையம் 1979 செப்டம்பர் 6 அன்று வந்து இரண்டு வாரம் தங்கியது. அதற்கு முன் ஓர் ஆண்டு அவகாசம் தளபதிகளுக்கு இருந்தது. நகரில் இருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளிதான் மிகப் பெரிய வதைக்கூடங்களில் ஒன்று. உயிரோடு வெளியேறியவர்கள் அதன் படிக்கட்டு எங்கே, லிஃப்ட் எங்கே என்று வெளிநாடுகளில் வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்குமூலம் பொய்யாகத் தெரிய வேண்டும் என்று லிஃப்டையும் படிக்கட்டையும் மறைத்துக் கட்டடத்தை மாற்றினார்கள். மிச்சமிருந்த கைதிகளை டிக்ரே அருகே பரானா ஆற்று முகத்துவாரத்தில் ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தீவின் பெயர் 'மௌனம்'. ஆகஸ்டில் மனித உரிமை அமைப்புகளின் அலுவலகங்களில் சோதனை போட்டு ஆவணங்களை அள்ளினார்கள். ஆகவே எந்த ஆவணமும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒரு நகல் நாட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

ஊரெங்கும் ஒட்டுப்படங்கள்: நாங்கள் நேர்மையானவர்கள், மனிதர்கள் என்று, மனித உரிமை என்ற சொல்லையே திருப்பிப் போட்ட வாசகம். ஆணையம் வந்த மறுநாள் டோக்கியோவில் இளையோர் உலகக் கால்பந்துக் கோப்பையை மரடோனாவின் அணி வென்றது. எல்லோரும் மாயோ நிழற்சாலைக்குப் போய் அந்த விருந்தாளிகளுக்கு நம் நாட்டின் உண்மை முகத்தைக் காட்டுங்கள் என்று வானொலி வர்ணனையாளர் கூவினார். ஆணையம் முறையீடு வாங்கிய அலுவலகம் அந்தச் சாலையில்தான் இருந்தது. பிள்ளையின் போட்டோவைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றவர்களுக்குப் பக்கத்தில் கொடியோடு கூட்டம் ஆடிக்கொண்டு போனது. வரிசை கலையவில்லை. ஆணையம் 5,580 முறையீடுகளோடு திரும்பியது. அதில் 4,153 புதியவை.

ஆணையம் ஊரில் இருக்கும்போதே ஒரு சட்டம் வந்தது: மறைந்தவர்களை இறந்தவர்களாக அறிவித்துக்கொள்ளலாம். தாய்மார்கள் அதை ஏற்கவில்லை. இழப்பீடு தருகிறோம், சான்றிதழ் தருகிறோம், கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று எந்த ஆட்சியாவது சொன்னால் இந்த நாளை நினையுங்கள்.

7. எதிரே யார் குடை பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

கம்யூனிஸ்டுகளை ஒழிக்கிறோம் என்ற தளபதிகளுக்கு ஐ.நா. மனித உரிமை ஆணைக்குழுவில் கவசமாக நின்றது சோவியத் யூனியன். காரணம் கோதுமை. 1980இல் அமெரிக்கா சோவியத்துக்குத் தானியம் விற்பதை நிறுத்தியபோது அர்ஜென்டினா தொடர்ந்து விற்றது.

மியான்மரிலும் இதே பாடம். 2007 ஜனவரியில் பாதுகாப்புக் கவுன்சிலில் வந்த தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ செய்தன. 2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, 2022 டிசம்பர் 21 அன்றுதான் ஒரு தீர்மானம் நிறைவேறியது: ஆதரவு 12, எதிர்ப்பு இல்லை. வாக்களிக்காமல் விலகியவை சீனா, ரஷ்யா, இந்தியா. அந்த மாதம் கவுன்சிலுக்குத் தலைமை வகித்ததே இந்தியாதான்.

இந்த இடத்தில் என் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிய வேண்டாம். டில்லிக்குக் காரணங்கள் இருக்கின்றன. 1,600 கிலோமீட்டருக்கு மேல் எல்லை, மணிப்பூர்ப் பக்கத்துக் கிளர்ச்சிக் குழுக்கள், சீனா மீதான பயம். அவற்றைப் படித்துப் பதில் தயார் செய்யுங்கள். வாஷிங்டனுக்கு நூறு மின்னஞ்சல் அனுப்புவதைவிட, உங்கள் தொகுதி எம்.பி.யின் வீட்டுக்கு நேரில் போய் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்க வைப்பது மேல். மணிப்பூர் எல்லை ஊரான மோரேயில் நம் தமிழர்கள் இருக்கிறார்கள். பர்மாவை விட்டு வந்து எல்லையிலேயே தங்கியவர்கள். அறுபதுகளில் இன்னோர் இராணுவ ஆட்சி கடை கண்ணியைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிய குடும்பங்கள் சென்னை வியாசர்பாடியிலும் இருக்கின்றன. எம்.பி.யிடம் அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

8. தடை கேட்டால், எந்தக் குழாயை அடைக்கச் சொல்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

மொத்த நாட்டுக்கும் தடை என்றால் முதலில் வேலை போவது தையல் ஆலைப் பெண்ணுக்கு. அமெரிக்கா 2003இல் பர்மியப் பொருட்கள் இறக்குமதியைத் தடுத்தபோது அதுதான் நடந்தது. ஆயுதம், விமான எரிபொருள், அவற்றுக்குப் பணம் போகும் வங்கி: இவற்றைப் பாருங்கள். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் ஒரு கணக்கு வெளியிட்டார்: ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மர் இராணுவம் 100 கோடி டாலர் அளவுக்கு ஆயுதமும் உதிரிபாகமும் வாங்கியிருக்கிறது, அதில் 25.4 கோடி சிங்கப்பூர் நிறுவனங்கள் வழியே, 5.1 கோடி இந்தியாவிலிருந்து. சிங்கப்பூர் அரசு விசாரித்தது. அடுத்த ஆண்டு அங்கிருந்து போனது ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. அதே நேரம் தாய்லாந்து வங்கிகள் வழியே நடந்த கொள்முதல் இரு மடங்கானது. ஒரு குழாயை அடைத்த அன்றே அடுத்ததைத் தேட வேண்டும்.

9. நடந்தது எல்லாவற்றையும் நம் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அர்ஜென்டினாவில் 1979க்குள் ஆட்கள் மறைவது வெகுவாகக் குறைந்தது. அழுத்தத்துக்கு அதில் பங்கு உண்டு. கொல்ல நினைத்தவர்களில் பெரும்பாலோரை அதற்குள் கொன்றுவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆட்சி விழுந்தது 1982இல் ஃபாக்லாந்து தீவுப் போரில் தோற்றதால். நம் மனுவால் விழுந்தது என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டாதீர்கள்.

10. கோப்பை மூடாதீர்கள்.

1983 டிசம்பரில் மக்களாட்சி திரும்பியது. எழுத்தாளர் எர்னெஸ்டோ சபாட்டோ தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அடுத்த ஆண்டு 8,960 பெயர்களைப் பதிவு செய்தது. அது கடைசி எண்ணிக்கை இல்லை என்றும் சொன்னது. பழைய முறையீடுகளும் தள்ளுபடியான ஆட்கொணர்வு மனுக்களும் அப்போது ஆதாரமாக வந்து நின்றன. 1985இல் விதேலாவுக்கும் மஸேராவுக்கும் ஆயுள் தண்டனை. 1990இல் மன்னிப்பு. பிறகு அந்த மன்னிப்பும் ரத்து. விதேலா 2013இல் சிறையில்தான் செத்தார். அமெரிக்கா 2002இல் வெளியிட்ட நாலாயிரத்துச் சொச்சம் தூதரக ஆவணங்கள், ஹாரிஸ் எழுதியவையும் சேர்த்து, வழக்குகளுக்குப் பயன்பட்டன.

1980இல் அந்தத் தாய்மார்கள் கொடுத்த நெருக்கடியால் ஐ.நா.வில் ஐந்து பேர் கொண்ட பணிக்குழு ஒன்று பிறந்தது, காணாமல் ஆக்கப்பட்டோருக்காக. இன்றும் அது இயங்குகிறது. அதன் பதிவேட்டில் மிக அதிக முறையீடுகள் உள்ள நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் உட்கார்ந்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடிப் போகும் கதவுகளில் ஒன்று, மாயோ சதுக்கத்தில் நடந்தவர்கள் திறந்தது.

சிறையில் பிறந்து வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைத் தேடப் பாட்டிமார்களும் 1977இலேயே தனியாகச் சேர்ந்தார்கள். அவர்களும் பெயர், தேதி, இடம் என்றுதான் தொடங்கினார்கள். கடலில் வீசப்பட்ட அசுசேனா வில்யாஃப்ளோரின் எலும்புகள் 2005இல் அடையாளம் காணப்பட்டன. சாம்பலை மாயோ சதுக்கத்தில் புதைத்தார்கள். 2025 ஜூலையில் பாட்டிமார்கள் 140வது பேரப்பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது.